பூட்டோடு வந்த லேப்டாப்: இரண்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பழைய லேப்டாப் பாஸ்வேர்டு கேட்கிறது என்றால் உடனே வரும் யோசனை, "அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போட்டுவிடலாம்" என்பதுதான். சில பூட்டுகளுக்கு அது போதும். என்னிடம் இருப்பதில் மூன்று பூட்டுகள் இருந்தன. அந்த வைத்தியம் முதல் பூட்டில் மட்டும்தான் பலித்தது.

நிறுவனம் ஒன்றில் ஓடி முடித்த லேப்டாப் அது. 11ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கீபோர்டு தேயவில்லை, திரையில் கோடு இல்லை, கூடவே முறையான பில்லும் இருந்தது. ஆன் செய்தால் நீலத் திரையில், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. அந்தச் சாவி நமக்குத் தேவையே இல்லை. பிட்லாக்கர் காப்பது பழைய தரவை. டிஸ்க்கை அழித்துப் புதிதாக நிறுவுவதை அது தடுப்பதில்லை. யாரோ ஒருவரின் கோப்புகள் நம் கண்ணில் படாமலே அழிந்துபோவது நமக்கும் நிம்மதிதான்.

8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி, எஃப்12 அழுத்தினேன். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு திறந்தது. இது அதிர்ஷ்டம், பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல்) பாஸ்வேர்டு போடுகிறவர்கள் பல நேரம் யூஎஸ்பியிலிருந்து தொடங்குவதையும் சேர்த்தே அடைத்துவிடுவார்கள். ஆனால் எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலி. இதைப் பார்த்து எஸ்எஸ்டி போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். 11ஆம் தலைமுறையிலிருந்து பல இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் இருக்கும். நான் போட்ட இன்ஸ்டாலரில் அதற்கான டிரைவர் இல்லை, அவ்வளவுதான். பயாஸுக்குள் போய் விஎம்டியை அணைத்தால் தீர்ந்தது என்பார்கள். என் பயாஸ் பாஸ்வேர்டால் பூட்டியிருந்ததால் அந்த வரி சாம்பல் நிறத்தில் இருந்தது. அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் அதைத் தாண்டி அடுத்த வரிக்குக் குதித்தது. கடைசியில் விஎம்டிக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை வேறொரு கணினியில் பிரித்தெடுத்து, ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் ஃபோல்டரை அதே பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டியதும் டிஸ்க் தெரிந்தது. பழைய பகுதிகளையெல்லாம் அழித்து நிறுவினேன். லைசென்ஸ் சாவி கேட்கவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் சாவியை மதர்போர்டிலேயே பதித்து அனுப்புவது வழக்கம்.

அப்புறம்தான் இரண்டாவது பூட்டு. மொழி, கீபோர்டு எல்லாம் கேட்டு முடித்து வைஃபையில் இணைந்ததும், பழைய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வரவேற்று, அவர்களுடைய அலுவலக மின்னஞ்சலைக் கேட்டு ஒரு பெட்டி வந்தது. ஆட்டோபைலட் என்பது இதுதான். கணினியின் வன்பொருள் அடையாளம் அந்த நிறுவனத்தின் கணக்கில் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். எஸ்எஸ்டியை மாற்றினாலும், திரும்பத் திரும்ப நிறுவினாலும், இணையம் கிடைத்ததும் அதே பெட்டிதான். பூட்டு கணினிக்குள் இருந்தால்தானே உடைப்பதற்கு! டி2 சிப் உள்ள இன்டெல் மேக்குகளிலும் ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளிலும் ஆப்பிளின் ஆக்டிவேஷன் லாக் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது.

இதைச் சுற்றிப் போகும் குறுக்குவழிகள் ஏராளமாக உலவுகின்றன. நான் தொடவில்லை. பதிவு இருக்கும்வரை, என்றைக்காவது ரீசெட் செய்தால் அதே பெட்டி திரும்ப வரும். சீரியல் எண்ணையும் பில்லையும் இணைத்து, பதிவை நீக்கித் தரும்படி அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவுக்கு எழுதினேன். பில் இல்லாமல் எழுதியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆயின.

காத்திருந்த காலத்தில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தைப் போட்டேன். ஆட்டோபைலட் விண்டோஸ் சம்பந்தப்பட்டது; லினக்ஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. விஎம்டிக்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால் டிஸ்க்கும் முதல் தடவையே தெரிந்தது. சான்று பெற்ற மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் ஆன் ஆகவே இருந்தது, மின்ட் அதோடு ஒத்துப்போனது. ஒரே ஒரு எச்சரிக்கை: சில புதிய அலுவலக மாடல்களில் லினக்ஸ் போன்றவற்றை செக்யூர் பூட் ஏற்கத் தேவையான, மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சான்றிதழ் பயாஸிலேயே அணைக்கப்பட்டு வரும். பயாஸும் பூட்டியிருந்தால் அங்கே லினக்ஸ் இன்ஸ்டாலரே கிளம்பாது. பதிவு நீங்கிய பிறகு விண்டோஸையும் போட்டேன். ஆனாலும் தினசரி வேலை மின்ட்டில்தான் நடக்கிறது. பழகிவிட்டது.

மூன்றாவது பூட்டான பயாஸ் பாஸ்வேர்டு இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. அந்த ஐடி பிரிவிடமும் அது பதிவில் இல்லையாம். உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று இப்போதும் சொல்கிறார்கள். பழைய டெஸ்க்டாப்புகளுக்கு அது சரி. இன்றைய அலுவலக லேப்டாப்களில் பாஸ்வேர்டு, மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் இருப்பதால் பேட்டரியைக் கழற்றிப் பலனில்லை. சில தயாரிப்பாளர்கள் வாங்கிய சான்றைக் காட்டினால் திறந்து தருவார்கள். சிலர் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். என் மாடலுக்கு இரண்டாவது கதை. அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய லேப்டாப் வந்துவிடும்.

இதோடு வாழ்வது எப்படி என்றால், பெரும்பாலான நாட்களில் பூட்டு இருப்பதே நினைவுக்கு வராது. பழைய நிறுவனம் விட்டுப்போன அமைப்புதான் நம் அமைப்பு. எனக்கு வர்ச்சுவலைசேஷன் ஆன் ஆக வாய்த்தது, அதனால் வர்ச்சுவல் மெஷின்கள் (கணினிக்குள் கணினிகள்) ஓடுகின்றன. புளூடூத் பயாஸிலேயே அணைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாகச் செருகிய யூஎஸ்பி புளூடூத் டாங்கிள் ஒன்று நிரந்தரமாக ஒரு போர்ட்டை அடைத்துக்கொண்டிருப்பது இன்னும் எரிச்சல்தான். பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்துவதை டிஎல்பி என்ற மின்சேமிப்பு நிரல் மூலம் மின்ட்டிலிருந்தே செய்ய முடிகிறது. உண்மையான குறை ஃபர்ம்வேர், அதாவது பயாஸ், அப்டேட். பாஸ்வேர்டு இல்லாமல் என் மாடல் அதை ஏற்பதில்லை, ஆகவே பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் அந்த அடுக்குக்கு வருவதில்லை. வங்கி வேலைகளுக்கு இந்த லேப்டாப்பை நான் தொடாததற்கு அதுதான் காரணம்.

இப்படி ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர் காட்டும் அழகான டெஸ்க்டாப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இணையம் இல்லாமல் நிறுவி, லோக்கல் கணக்கில் திறந்து காட்டிவிட முடியும். கண் முன்னால் ரீசெட் செய்யச் சொல்லி, வைஃபையில் இணைத்து, யார் பெயரில் வரவேற்பு வருகிறது என்று பாருங்கள். பிறகு எஃப்2வோ டெலீட்டோ அழுத்திப் பயாஸுக்குள் போய், ஏதாவது ஒரு அமைப்பை மாற்றிச் சேமிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.