கைப்பேசியில் கேசினோ: சிங்கப்பூரில் எது சட்டப்படி, எது பாதுகாப்பு

"நம்பிக்கையான கேசினோ செயலி ஒன்று சொல்லுங்க" என்று கேட்பவர்களிடம் கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உண்மையான காசு கட்டி ரூலட், பக்காரா, ஸ்லாட் ஆடுவதற்கு உரிமம் பெற்ற செயலி சிங்கப்பூரில் ஒன்றுகூட இல்லை. மரினா பே சேண்ட்சுக்கும் ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசாவுக்கும் சூதாட்டக்கூடம் நடத்த உரிமம் உண்டு. ஆனால் அதே ஆட்டங்களை இணையத்தில் நடத்த அவர்களுக்கும் அனுமதி கிடையாது. 'சிங்கப்பூரின் தலைசிறந்த பத்து கேசினோ செயலிகள்' என்று வரும் பட்டியலில் பத்துமே சட்டத்துக்கு வெளியே நிற்பவைதான். பட்டியல் போட்டவருக்குப் பெரும்பாலும் ஆள் சேர்த்த கமிஷன் கிடைத்திருக்கும்.

அப்படியானால் ஒப்பிட என்ன இருக்கிறது? வெளிநாட்டு உரிமம் காட்டும் செயலி, அரசு சார்ந்த பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸில் ஒரு கணக்கு, காசு திரும்பி வராத விளையாட்டுக் கேசினோ, நேரில் போய் ஆடும் கூடம் என்று நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழியில்தான் ஏமாற்றம் அதிகம். மால்டா உரிமம், குராசோ உரிமம் என்று பக்கத்தின் அடியில் முத்திரை போட்டிருப்பார்கள். முத்திரை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆடுபவர் சிங்கப்பூரில் இருக்கிறாரா, நடத்துபவருக்கு இங்கே உரிமம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இங்கே உரிமம் இல்லாதவரிடம் ஆடினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்டுக்குத் தண்டனை இதைவிடப் பல மடங்கு. இருப்பிடத்தை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டால் தளம் திறக்கலாம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் என்னவோ சிங்கப்பூரின் ஈசூனோ பிடோக்கோதான்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் காசுக் கணக்காகப் பார்த்தாலும் இந்த வழி தேறாது. உரிமமில்லாதவருடன் போட்ட சூதாட்ட ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட்டு வென்ற பணத்தை வாங்க முடியாது. உரிமம் பெற்றவர் என்றால் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்திடமாவது முறையிடலாம். உரிமமில்லாதவர் "கணக்குச் சரிபார்ப்புக்கு இன்னும் 500 வெள்ளி கட்டுங்கள்" என்று இழுத்தடித்தால் யாரிடம் போவது? புகார் கொடுக்கப் போகிறவரே தானும் சட்டவிரோதமாக ஆடியதை ஒப்புக்கொண்டாக வேண்டும். நடத்துபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

டெலிகிராம், வாட்ஸ்அப் வழியாக வரும் ஏபிகே கோப்புகள் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்புகள்) இன்னும் மோசம். செயலிக் கடையைத் தாண்டி நேராகக் கைப்பேசியில் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றியதும் குறுஞ்செய்தியைப் படிக்கவும், திரையைக் கட்டுப்படுத்தவும் அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் சேர்ந்து போகும். இப்படிப்பட்ட அனுமதி கேட்கும் வெளிக்கோப்புகளைத் தானாகத் தடுக்கும் வசதியைக் கூகுள் 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில்தான் முதலில் சோதித்துப் பார்த்தது. அந்தத் தடுப்பை அணைத்துவிடச் சொல்லி ஏஜெண்ட் வழிகாட்டுகிறார் என்றால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம்.

ரம்மி விளையாடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று சொன்னதை இங்கே மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் இந்தியாவே காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அந்த வாதம் முதலிலிருந்தே எடுபடாது. திறனும் அதிர்ஷ்டமும் கலந்திருந்தாலும் அது அதிர்ஷ்ட ஆட்டத்தில்தான் சேரும்.

இரண்டாவது, சிங்கப்பூர் பூல்ஸ். இணையப் பந்தயத்தில் கைப்பேசிக்குச் சட்டப்படியான கதவு இது ஒன்றுதான். 2016 அக்டோபரில் இணையக் கணக்கு வந்தது. ஃபோர் டி (நான்கு இலக்க எண் குலுக்கல்), டோட்டோ குலுக்கல், காற்பந்துப் பந்தயம் எல்லாம் உண்டு, கேசினோ ஆட்டம் கிடையாது. கடையில் 18 வயது போதும், இணையக் கணக்குக்கு 21 ஆக வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்பை வைத்தாக வேண்டும். கடனுக்குப் பந்தயம் இல்லை. வென்ற பணம் வருமா வராதா என்ற கவலையும் இல்லை.

ஆனால் சட்டப்படியானது என்பதற்காக மலிவானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோர் டியில் எல்லாப் பரிசுகளுக்கும் பொருந்தும் 'பிக்' பந்தயத்தை 10,000 எண்களிலும் தலா ஒரு வெள்ளிக்குக் கட்டினால், பரிசுகளைக் கூட்டி 6,590 வெள்ளிதான் திரும்பி வருகிறது. அதாவது ஒரு வெள்ளியில் சராசரியாக 34 காசு போய்விடுகிறது. முதல் மூன்று பரிசுகளுக்கு மட்டுமான 'ஸ்மால்' போட்டால் 42 காசு. ஒற்றைப் பூஜ்ய ரூலட்டில் போவதோ 2.7 காசுதான். இதைக் காட்டித்தான் கேசினோ செயலிக்காரர்கள் "நாங்கள் எவ்வளவோ மேல்" என்பார்கள். அந்தக் கணக்கில் வேகத்தைக் காணோம். ஃபோர் டி குலுக்கல் வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் 10 வெள்ளி 'பிக்' கட்டினால் வாரச் சராசரி இழப்பு சுமார் 10 வெள்ளி. கைப்பேசி ஸ்லாட்டில் ஐந்து விநாடிக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு அரை வெள்ளி, இழப்பு 5 விழுக்காடு மட்டும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 720 சுற்று, சராசரியாக 18 வெள்ளி காலி. எம்ஆர்டி ரயிலில் போக வர ஆடினாலே வாரக் கணக்கு எங்கே நிற்கும் என்று பாருங்கள்.

மூன்றாவது, ஸ்லோட்டோமேனியா, ஜிங்கா போக்கர் மாதிரியான விளையாட்டுக் கேசினோக்கள். ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வரும் சில்லுகளைக் காசாக மாற்ற வழி இல்லாதவரை இது இங்கே சூதாட்டமாகாது, சட்டச் சிக்கலும் இல்லை. இலவசமாக ஆடிவிட்டு மூடிவைப்பவருக்கு உண்மையிலேயே பாதகமில்லாத வழி. சில்லு வாங்க ஆரம்பித்தால் கதை வேறு. ஃபோர் டியில் 34 காசு போகிறது என்றால் இங்கே முழு வெள்ளியும் போகிறது, ஏனென்றால் திரும்பி வர வழியே இல்லை. பிக் ஃபிஷ் கேசினோ என்ற செயலியில் இப்படிப் பணம் விட்டவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2020இல் 15.5 கோடி அமெரிக்க டாலருக்குச் சமரசம் ஆனது. இலவசச் செயலியில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதற்கு அதுவே போதும். செயலிக் கடைக் கணக்கில் வங்கி அட்டையைச் சேர்க்காமல் ஆடுவது நல்லது. உங்கள் சில்லுகளைக் காசுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று வெளியாள் யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

கடைசியாக, நேரில் போவது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம், ஆண்டுக்கு என்றால் 3,000. வெளிநாட்டினருக்கு அந்தக் கட்டணம் இல்லை. ரூலட்டில் 150 வெள்ளி சராசரி இழப்பு வரவேண்டுமென்றால் சுமார் 5,500 வெள்ளிக்குப் பந்தயம் கட்டியிருக்க வேண்டும். கதவிலேயே அதைக் கட்டிவிட்டு உள்ளே போகிறீர்கள். கசப்பான கட்டணம்தான், ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் இருந்தபடி எடுக்க முடியாத முடிவாக அதை மாற்றிவிடுகிறது. கேசினோ மேசைதான் வேண்டும் என்பவர்களுக்கு, எப்போதாவது ஒரு முறை என்றால், இதைத்தான் சொல்வேன். நண்பர்களோடு அரட்டைக்கு என்றால் காசில்லாத விளையாட்டுச் செயலி போதும்.

தீபாவளி இரவில் வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தங்கள் உட்கார்ந்து சில்லறை வைத்துச் சீட்டாடுவதில் தப்பில்லை, யாரும் கமிஷன் எடுக்காதவரை. மாமா சென்னையில், மச்சான் சிங்கப்பூர் உட்லண்ட்சில் என்று அதே ஆட்டத்தைக் காசு வைத்துக் கைப்பேசியில் ஆடினால் அந்த விலக்கு பொருந்தாது. யாருக்காவது கை கட்டுப்படவில்லை என்றால் 1800-6-668-668 என்ற உதவி எண் இருக்கிறது. கூடங்களிலிருந்தும் பூல்ஸ் இணையக் கணக்கிலிருந்தும் தன்னைத் தானே விலக்கிக்கொள்ள அங்கே விண்ணப்பிக்கலாம், குடும்பத்தாரும் விலக்கு ஆணை கேட்கலாம். உரிமமில்லாத செயலிகளிடம் அந்த ஆணை செல்லாது.