சேலத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் படியுங்கள்: ரேமில் என் 62,000 ரூபாய் போனது

62,000 ரூபாய். முழு கம்ப்யூட்டருக்கு அல்ல, உள்ளே செருகும் நான்கு ரேம் ஸ்டிக்குக்கு (வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தகவலை வைத்துக்கொள்ளும் மெமரி) மட்டும். நேற்று இரவு அதை விற்ற கடைக்காரர் “இனிமே இதுக்காகக் கூப்பிடாதீங்க” என்று சொல்லி போனை வைத்தார். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. புகார் போய்க்கொண்டிருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். சேலம் டவுனில் பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்து தரும் கடைகளில் ஒன்று என்பது வரை தெரிந்தால் போதும்.

நான் அம்மாபேட்டையில் வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ஆல்பத்தின் ஒரு ஷீட் 12-க்கு 36 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் (300 டிபிஐ) என்றால் 3600-க்கு 10800 பிக்சல். அதன்மேல் லேயர் லேயராகப் போட்டால் ஒரே ஃபைல் ஒரு ஜிபியைத் தாண்டும். பழைய கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் சேவ் ஆவதற்குள் சோறு வடித்துவிட்டு வரலாம். அதனால் முகூர்த்த சீசனுக்கு முன்னால் புதுசாக ஒன்று அசெம்பிள் செய்ய முடிவெடுத்தேன். ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் சிஸ்டம் வேலை பார்க்கும் என் சித்தி பையன் லிஸ்ட் எழுதிக் கொடுத்தான். ரைசன் 7 7700 ப்ராசஸர், பி650 மதர்போர்டு. ரேம் என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தான்: டிடிஆர்5 (ரேமின் புதிய தலைமுறை), 32 ஜிபி இரண்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவது, 6000 ஸ்பீடு, எக்ஸ்போ என்ற ஸ்பீடு அமைப்பு உள்ளது.

கடைக்காரர் லிஸ்டைப் பார்த்தார். மற்ற எல்லாம் சரி என்றார். ரேமுக்கு வந்ததும் தலையை ஆட்டினார். “அக்கா, 32 ஜிபி ஜோடி இப்ப மார்க்கெட்லயே இல்ல. 16 ஜிபி நாலு போட்டுக்கலாம். நாலு பதினாறு அறுபத்துநாலு, கணக்கு ஒண்ணுதான். நாலு ஸ்லாட்டும் நிறைஞ்சா இன்னும் ஸ்பீடா ஓடும்.” லிஸ்டில் இரண்டு என்று அழுத்தி எழுதியிருக்கிறதே என்று கேட்டேன். “அது நெட்ல பார்த்து எழுதுறது. நாங்க தினமும் கையில தொடுறோம்” என்றார். எதிரில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டி, இதை யார் டிசைன் செய்தார்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். அப்புறம் சொன்ன வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன்: “நீங்க தொழிலுக்கு வாங்குறீங்க. தொழிலுக்கு வாங்குறவங்கள ஏமாத்தினா நான் கடைய மூடிட்டுப் போயிடணும்.”

இரண்டு ஸ்டிக்கை சீல் வைத்த பெட்டியோடு என் கண் முன்னால் வைத்து, ஹாலோகிராமைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மற்ற இரண்டு? “அதே பெட்டிதான், உள்ள டெக்னீஷியன்கிட்ட இருக்கு.” ஒன்று 15,500, நான்கு சேர்த்து 62,000. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக ஏறும் என்றார். பில் வேண்டும் என்று உறுதியாகச் சொன்ன பிறகு அதே விலைக்குப் பில் போட்டார். அந்தப் பில்லில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘ரேம் 16 ஜிபி, 4 எண்ணம்.’ அவ்வளவுதான். கம்பெனி பெயர், மாடல், ஸ்பீடு, சீரியல் நம்பர் எதுவும் கிடையாது. கீழே மட்டும் கொட்டை எழுத்தில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.’

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினட், உள்ளே நான்கு கறுப்பு ஸ்டிக் வரிசையாக. ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் திரை பல நிமிடம் கறுப்பாகவே நிற்கும். போன் செய்தால், “டிடிஆர்5 அப்படித்தான் அக்கா, மெமரி ட்ரெயினிங் எடுக்குது” என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். டிடிஆர்5 போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். எல்லாம் ஒத்துப்போனால் அதன் பிறகு தினமும் அப்படி நிற்காது. விஷயம் தெரிந்த கடைக்காரர் பாதி உண்மையை எடுத்து முழு ஏமாற்றை மூடினார்.

அப்புறம் விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரை வர ஆரம்பித்தது. வேலையின் நடுவில் நின்றுவிடும். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு கல்யாண ஆல்பம், ஏற்காட்டின் பகோடா பாயின்ட்டிலும் லேடீஸ் சீட்டிலும் எடுத்த அவுட்டோர் படங்களோடு, எல்லா ஷீட்டும் முடித்து பிரிண்ட் லேபுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தேன். மறுநாள் திறந்தால் பாதி ஃபைல் திறக்கவில்லை. திறந்தவற்றில் படத்தின் குறுக்கே வண்ணக் கோடுகள். ரேமில் பிழை இருந்தால் இப்படியும் நடக்கும். திரையில் சரியாகத் தெரியும் படம், சேவ் ஆகும்போது ரேமில் இருக்கும் தப்பான எண்ணோடு டிஸ்கில் எழுதப்படும். ஒரிஜினல் போட்டோக்கள் போட்டோகிராஃபரிடம் இருக்கின்றன, அது மட்டும்தான் மிச்சம். டிசைன் வேலை அத்தனையும் போனது.

லிஸ்ட் எழுதிக் கொடுத்த தம்பி லீவு போட்டு மலையிலிருந்து இறங்கி வந்தான். கம்ப்யூட்டருக்குள் என்ன பார்ட்ஸ் இருக்கிறது என்று காட்டும் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டான். மெமரி பக்கத்தில் 1800 என்று காட்டியது. டிடிஆர் ரேமில் இந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும், அதாவது 3600. நான் காசு கொடுத்தது 6000-க்கு. கடையில் 6000-இல் ஆன் ஆகவே இல்லை போலிருக்கிறது. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் இருக்கும் இடம்) ஸ்பீடைக் குறைத்து வைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் பேக் செய்து அனுப்பிவிட்டார்கள். இந்த ப்ராசஸருக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி கம்பெனி சொல்லும் கணக்கே இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. ப்ராசஸரிலிருந்து ரேமுக்குப் போவது இரண்டு வழிதான். ஒவ்வொரு வழியிலும் இரண்டு ஸ்டிக் தொங்கினால் மின் சிக்னல் தடுமாறும், ஸ்பீடைக் குறைத்தால்தான் நிற்கும். எக்ஸ்போ என்பது அந்த 5200-க்கும் மேலே 6000-க்கு ஓட்டுவதற்காக ஸ்டிக்கிலேயே எழுதி வைத்த அமைப்பு. அது பெரும்பாலும் இரண்டு ஸ்டிக்கோடு நன்றாக ஓடும். தினமும் கையில் தொடுகிறவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதோடு முடியவில்லை. ஸ்டிக்குக்குள் பதிந்திருக்கும் விவரங்களைக் காட்டும் எஸ்பிடி என்ற பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பார்த்தான். இரண்டு ஸ்டிக் பெட்டியில் சொன்னபடி இருந்தன. மற்ற இரண்டும் 4800 ஸ்பீடு, எக்ஸ்போவே இல்லை, வேறு கம்பெனி, தயாரித்த வருடம் 2022. மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் மட்டும் 6000. அதிலிருந்த சீரியல் நம்பரைக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டால், அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வருகிறது. யாரோ ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பழைய ரேமுக்குக் கறுப்புத் தகடு மாட்டி, ஸ்டிக்கர் ஒட்டி, எனக்கு 15,500 வீதம் விற்றிருக்கிறார்கள். ரேமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ஓட்டினோம். சிவப்பு சிவப்பாகப் பிழை வரிசை.

சரி, கையில் ஆதாரம் இருக்கிறது, மாற்றிக் கொடுப்பார்கள் என்று போனேன். அங்கே ஆரம்பித்தது அலைச்சல். முதலில் கவுண்டரில் இருந்த பையன், “விண்டோஸ் ப்ராப்ளம் அக்கா, ஃபார்மட் அடிச்சாப் போதும்.” மெம்டெஸ்ட் விண்டோஸுக்குள்ளேயே ஓடுவதில்லை, அது தனியாக பூட் ஆகிறது என்றேன். “அப்ப உங்க ஏரியா கரண்ட்டா இருக்கும். யூபிஎஸ் வாங்குங்க, நம்மகிட்டயே இருக்கு.” அடுத்த தடவை, “ஓனர் ஏற்காடு போயிருக்கார், மலையில சிக்னல் இல்ல.” அதே நேரத்தில் ஓனருடைய வண்டி வாசலில் நின்றது. அப்புறம், “கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கணும், ரேமைக் கழற்றிக் கொடுத்துட்டுப் போங்க.” அதற்கு ரசீது கேட்டேன். “நம்பிக்கை இல்லையா?” என்று முகத்தைச் சுளித்தார்கள். கொடுக்காமல் வந்துவிட்டேன். கொடுத்திருந்தால் ஆதாரமும் போயிருக்கும்.

கடைசியில் ஓனரையே நேரில் பிடித்தேன். டீ இல்லை, அக்காவும் இல்லை, மேடம் ஆகிவிட்டேன். “மேடம், டெக்னிக்கல் விஷயம் உங்களுக்குப் புரியாது. வீட்டுல ஜென்ட்ஸ் யாரையாவது வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்.” தம்பியோடு போனபோது அவன் முன்னால் வேறு கதை: “அந்த ரெண்டு ஸ்டிக் நான் கொடுத்ததே இல்ல. நீங்களே மாத்திட்டு வந்திருக்கலாம்.” பில்லில் சீரியல் நம்பர் ஏன் எழுதவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு ஏதோ தர்மம் செய்வது போல, நான்கையும் பழைய பொருள் ரேட்டுக்கு எடுத்துக்கொண்டு 18,000 தருவதாகச் சொன்னார். 62,000 வாங்கியவர்!

இரண்டு ஸ்டிக் நல்லதுதானே, போனது 31,000 தானே என்று உறவில் ஒருவர் கேட்டார். இல்லை. நல்ல இரண்டை வைத்தால் 32 ஜிபிதான், என் ஃபைலுக்குப் போதாது. இதோடு வேறு எந்த ஜோடியைச் சேர்த்தாலும் மறுபடி நான்கு ஸ்டிக் தொல்லை. நான் கேட்டது 32 ஜிபி ஜோடி, அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதனால் எனக்குப் போனது 62,000 தான், அந்த ஆல்பம் கணக்கில் சேராமல்.

இப்போது ஏன் இந்த மோசடி என்றால், விலை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எப்படி ஏறியது என்று வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். மெமரி சிப் நிறைய ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிறது. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த மைக்ரான் நிறுவனமே அந்தச் சில்லறை வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சரக்கு தட்டுப்பாடான நேரத்தில் கழற்றிய ரேமுக்கும் புது ரேம் விலை கிடைக்கிறது, கேட்பாரும் இல்லை.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் தப்பிக்கலாம் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில் கொடுக்காமல் விற்பதும் அப்படியே. “நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, கன்ஸ்யூமர் கோர்ட்ல எடுபடாது” என்றும் ஓனர் நேற்று மிரட்டினார். தொழிலுக்கு வாங்குகிறவர்களை ஏமாற்ற மாட்டேன் என்று டீ கொடுத்த அதே வாய்! சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. தையல் மெஷின் வாங்கும் அக்காவும், ஆல்பம் செய்ய கம்ப்யூட்டர் வாங்கும் நானும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். இதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுத்து வாங்குவது என்று விளக்கமாக எழுத நினைத்தேன். போன ஆல்பத்தைப் பழைய கம்ப்யூட்டரில் மறுபடி செய்துகொண்டிருக்கிறேன், மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் மேல் போன். அதனால் அவசரமாகச் சில மட்டும்.

போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பார்த்த பிறகே ரேம் பேசுங்கள். இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் வெட்டு வேறு இடத்தில், ஒன்று மற்றொன்றில் ஏறாது. என் பி650 போன்ற ஏஎம்5 போர்டு என்றால் டிடிஆர்5 மட்டுமே. போர்டு கம்பெனியின் தளத்தில் சோதித்த ரேம் பட்டியல் இருக்கும், அதில் உங்கள் மாடல் நம்பர் இருக்கிறதா பாருங்கள். வேண்டிய அளவை இரண்டே ஸ்டிக்காக, ஒரே பெட்டி ஜோடியாக வாங்குங்கள். நாலு ஸ்லாட் நிறைந்தால் ஸ்பீடு என்று சொல்பவரை நம்பாதீர்கள். சீலை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள், ‘உள்ளே இருக்கிறது’ என்றால் வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். கடையிலேயே ஆன் செய்து சிபியு-இசட்டில் ஸ்பீடைக் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் மெம்டெஸ்டும். சந்தேகம் வந்தால் ஸ்டிக்கின் தகட்டை நீங்களே கழற்றாதீர்கள், வாரண்டி போய்விட்டது என்பார்கள். ரசீது இல்லாமல் ரேமைத் திருப்பிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.