நெஞ்சுவலிக்கு இதயப் பரிசோதனைத் தொகுப்பு: கிடைத்த பதிலும் கிடைக்காத பதிலும்

பல வாரங்களாக விட்டுவிட்டு வந்த நெஞ்சுவலிக்குக் காரணம் தெரியாமல் தவித்த என் அக்காவை, மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் இதயப் பரிசோதனைத் தொகுப்புக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவமனையின் பெயரைத் தவிர்க்கிறேன்; நான் சொல்லவிருக்கும் குறை, இத்தகைய தொகுப்பை நடத்தும் வேறு இடங்களிலும் இருக்கக்கூடியது.

வரவேற்பில் இருந்த செவிலியர் பணம் கட்டச் சொல்வதற்கு முன்பே, இப்போது வலிக்கிறதா, வியர்க்கிறதா, கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறதா என்று கேட்டார். ஆம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு அனுப்புவோம் என்றார். இதை மனமாரப் பாராட்டுகிறேன். வலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் இசிஜி நார்மலாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதால், இதயத் தசை பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் மறுபடியும் செய்து பார்ப்பார்கள். அது தொகுப்பில் நடக்கும் வேலை அல்ல. திடீரென வலி வந்தால் 108-ஐ அழைப்பதுதான் முறை. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின் உள்ளிட்ட 14 மாத்திரைகளை முதலுதவியாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்பதைக் கிராமத்தில் இருப்பவர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை, இசிஜி, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) ஆகியவை தாமதமின்றி முடிந்தன. டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் டிஎம்டிக்குத்தான் சிறு குழப்பம். வெறும் வயிற்றில் வரச் சொன்ன குறுஞ்செய்தியில் உடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் அக்கா புடவையில் வந்திருந்தார். மருத்துவமனைக் கால்சட்டையை மாற்றிக்கொண்டு வெறுங்காலோடு நடக்க நேர்ந்தது. 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும் அந்தப் பரிசோதனையில், 220-லிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் 85 சதவீதத்தை இதயத்துடிப்பு எட்ட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் ஒவ்வொரு கட்டத்திலும், “நெஞ்சு வலிக்குதாம்மா? மூச்சு வாங்குதா? முடியலைன்னா உடனே சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அக்காவின் பயம் பாதி குறைந்ததே அவரால்தான்.

தொகுப்பு தடுமாறியது கடைசிக் கட்டத்தில், அதாவது மருத்துவரின் ஆலோசனையில். “எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைச்சுக்கோங்கம்மா” என்று சொல்லி, ஒரு கேஸ் மாத்திரையை எழுதிக் கொடுத்துக் கோப்பை மூடிவிட்டார். எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லவில்லை. படி ஏறும்போது வருகிறதா, சாப்பிட்டுப் படுத்தால் வருகிறதா, திரும்பினால் வருகிறதா என்று ஒரு கேள்வியும் இல்லை. வலி அப்படியே இருக்க, பெயரில்லாத ஒன்றைச் சுமந்துகொண்டு அக்கா வெளியே வந்ததை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அந்தக் கேள்விகளையெல்லாம் பிறகு கேட்டவர் எங்கள் ஊரில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர். மார்பெலும்பின் இடப்பக்கம் மூன்றாம் விலா வந்து சேரும் இடத்தை அவர் விரலால் அழுத்தியதும் அக்கா, “அதே வலிதான் டாக்டர்” என்று துடித்தார். விலாக் குருத்தெலும்பில் அழற்சி என்றும், ஆசிரியையான அக்கா கரும்பலகையில் கையை உயர்த்தி எழுதுவதும் விடைத்தாள் கட்டுகளைத் தூக்குவதும் அதைக் கூட்டியிருக்கலாம் என்றும் விளக்கினார். சில நாட்களுக்கு வலி மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், பாரம் தூக்காமல் இருப்பது ஆகியவைதான் சிகிச்சை. வலி படிப்படியாகக் குறைந்துவருகிறது. ஆனால் அவரே சொன்னார்: “அழுத்தினா வலிக்குதுங்கிறதை மட்டும் வச்சு ஹார்ட் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த ஃபைல் கையில இருக்கறதாலதான் தைரியமா சொல்றேன்.” ஆகவே கட்டிய பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

நார்மல் என்ற முடிவுக்குப் பின்னும் வலி தொடர்ந்தால் தேட வேண்டிய காரணங்கள் பல: இரைப்பை அமிலம் மேலேறுவது, உணவுக்குழாய்த் தசைப்பிடிப்பு, பித்தப்பைக் கல், பீதித் தாக்கம். இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்களில் அடைப்பே இல்லாமல், நுண்குழாய்களின் கோளாறால் வரும் வலியும் உண்டு. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் இது, வழக்கமான ஆஞ்சியோகிராமில் தெரியாது. நடந்தால் வலி வந்து நின்றால் விடுகிறது என்பவர்கள், டிஎம்டி நெகட்டிவ் என்பதோடு நின்றுவிடாமல் இதய மருத்துவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

வலி எதுவும் இல்லாமல், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பதால் ஒருமுறை பார்த்துவைக்க நினைப்பவர்களுக்கு இந்தத் தொகுப்பு பொருந்தும். வலிக்குக் காரணம் தேடுபவர்கள் முதலில் புறநோயாளிப் பிரிவில் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதும் பரிசோதனைகளுக்கு மட்டும் பணம் கட்டுவது நல்லது. தொகுப்பையே எடுப்பதானால், முடிவுகள் நார்மலாக வந்தால் அடுத்து எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்று பணம் கட்டும் முன்பே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.