சங்ககிரி தீரன் சின்னமலை நினைவிடம்: தூணோடு திரும்பிவிடாதீர்கள்

சங்ககிரி மலையடிவாரத்தில் இருக்கும் நினைவுத் தூணைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலோர் மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட சின்னமலையைத் தம்பிகளோடு தூக்கிலிட்டது மேலே தெரியும் கோட்டையில். ஈரோடு மாவட்டம் ஓடாநிலையில் அவர் கட்டிய கோட்டையைக் கம்பெனிப் படை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. அவர் வாழ்வோடு தொடர்புள்ள மதில்களை நின்று பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் ஏற வேண்டும்.

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஈரோடு பஸ் ஏறுங்கள். ஏறத்தாழ 38 கி.மீ. கோவை பஸ்களில் பல பைபாஸிலேயே போய்விடும். "சங்ககிரி ஊருக்குள்ள போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள். ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பதால், இறங்கியதும் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

நிதானமாக ஏறினால் உச்சிக்கு ஒன்றரை மணி நேரம். விஜயநகர காலத்தில் தொடங்கிய கோட்டை, பிறகு திப்புவிடமும் அதன்பின் கம்பெனியிடமும் போனது. மதிலுக்குப் பின் மதிலாக வாசல்களைக் கடந்துகொண்டே இருப்பீர்கள். வழியில் தர்கா, மேலே சென்னகேசவப் பெருமாள் கோயில், தானியக் கிடங்கு. அவசரப்படாமல் ஒவ்வொரு வாசலிலும் நின்று கீழே பாருங்கள். கைதியாக இங்கே கொண்டுவரப்பட்டவர் தப்ப வழியே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

பலர் பாதியில் திரும்புவது வெயிலால்தான். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும், நிழலும் குறைவு. ஆறரைக்குள் ஏறத் தொடங்குங்கள். மேலே குடிநீரை நம்ப முடியாது. ஆளுக்கு 2 லிட்டர் கையில் இருக்கட்டும். தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள், குரங்கு விடாது. படிகள் ஒரே உயரத்தில் இல்லை. மழைக்குப் பின் பாசி வழுக்கும், இறங்கும்போதுதான் கால் தவறும். ரப்பர் செருப்பு வேண்டாம். முட்டி வலி உள்ளவர்கள் தர்காவரை போய்த் திரும்பினாலே நல்லது. தனியாக ஏற வேண்டாம். புரட்டாசி சனிக்கிழமைகளில் பக்தர் நடமாட்டம் இருப்பதால் துணைக்குக் குறைவில்லை.

நினைவு நாள் பற்றிப் பலருக்குக் குழப்பம். அவர் இறந்தது 1805 ஜூலை 31, அரசு விழா ஆடி 18-இல். இரண்டும் சரிதான். நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளமானது. அறுபது, எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் அன்று ஜூலைக் கடைசியில் வந்த ஆடி 18, இன்று ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வருகிறது.

விழா நாளில் அமைச்சர்கள், கட்சி ஊர்வலங்கள், போலீஸ் தடுப்பு என்று ஊரே நெரியும். மரியாதை செலுத்த மட்டும் என்றால் அன்று வரலாம். கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் மார்கழி, தை மாதக் காலைகளே சிறந்தவை.