ஓட்டப் பயிற்சி என்று 42,500 ரூபாய் போச்சு – திருகோணமலை ஆட்கள் கவனம்!

42,500 ரூபாய். அரசாங்க உத்தியோகத்தில் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கிறவனுக்கு இது எவ்வளவு காசு என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஓட்டப் பயிற்சி தருகிறேன் என்று அதை வாங்கின ஆள் நேற்று இரவு என்னை புளொக் பண்ணிவிட்டார். அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். ஆறப்போட்டால் "சரி, போகட்டும்" என்று மனசு இளகிவிடும்.

பெயர் போடவில்லை. மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்பதுதான் அவரிடமிருந்து வந்த கடைசி மெசேஜ். குட்டிக் குட்டி வீடியோ போடும் ஒரு தளத்தில் தமிழில் ஓட்டம் பற்றிப் பேசுகிறவர். பின்தொடர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். விடியற்காலை, கடற்கரை, பின்னணியில் இசை, "ஒழுக்கம் இருந்தால் உடம்பு தானாக வரும்" என்று ஒரு வசனம். இவ்வளவு சொன்னால் பலருக்கு ஆள் பிடிபடும்.

டொக்டர் சீனி கூடுகிறது, நடக்கவாவது செய்யுங்கள் என்று சொன்னதால் உவர்மலையில் இருந்து இறங்கி டச் பே கரையோரம் நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமானது. அந்த நேரத்தில்தான் இவருடைய வீடியோ கண்ணில் பட்டது. எங்கே எடுத்தது தெரியுமா? நம்முடைய கோணேசர் கோயில் ஏற்றத்தில். கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்கள் நிற்கிற புல்வெளியைத் தாண்டி, சுவாமி மலை நோக்கி ஒரே மூச்சில் ஏறுகிறார். "இன்றைக்கு 30 கிலோமீட்டர், கடைசி ஏற்றம்" என்று எழுத்து ஓடுகிறது. நம் ஊர் வெயிலையும் ஏற்றத்தையும் தெரிந்த ஆள் என்று நினைத்து மெசேஜ் போட்டேன்.

பதில் எழுத்தில் வரவில்லை, குரலில் வந்தது. அதுதான் என்னை விழுத்தியது. இன்னும் போனில் இருக்கிறது. விடிந்தும் விடியாத நேரம். மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறார். "அண்ணா, இப்பதான் ஓடி முடிச்சிட்டு வாறன், மூச்சு வாங்குது, குறை நினைக்காதீங்க. உங்கட மெசேஜ் பாத்தவுடனே எழுத மனம் வரல்ல, கதைக்கணும் போல இருந்தது. உங்கட மாதிரி வருத்தம் எங்கட அப்பாவுக்கும் இருந்தது. நீங்க எனக்கு கஸ்டமர் இல்ல, கூடப் பிறந்த அண்ணன் மாதிரி." பின்னால் எங்கோ பாண் விற்கிற ஓட்டோவின் மெட்டு கேட்கிறது. வீட்டுக்காரியும் பக்கத்தில் இருந்து கேட்டாள். "பாவம், நல்ல பிள்ளை" என்றாள்.

மூன்று மாதப் பயிற்சிக்கு 24,000. "கார்பன் தகடு வைச்ச சப்பாத்து, ஸ்பொன்சர் விலையில எடுத்துத் தாறன்" என்று அதற்கு 18,500. ஆக 42,500. எக்கவுண்ட் வேறொருவர் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "மச்சான்ட எக்கவுண்ட் அண்ணா, என்ட எக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சுது" என்றார். காசு போன கையோடு மெசேஜில் இதய இமோஜிகள் வரிசையாக வந்தன.

"உங்களுக்கென்றே தயாரித்தது" என்று சொன்ன பயிற்சித் திட்டம் ஒரு பீ.டி.எஃப். ஆக வந்தது. முதல் கிழமையே 48 கிலோமீட்டர். கிழமைக்குக் கிழமை பத்து வீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று ஓட்டக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு, நடையில் இருந்து இப்போதுதான் ஓட்டத்துக்கு வந்த என்னிடம் 48! நான்காம் பக்கத்தில் "பனி உறைந்த பாதையில் கவனம், கையுறை அணியவும்" என்று இருக்கிறது. திருகோணமலையில்! கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதத்தில்! அடியில் சின்ன எழுத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர், அழிக்க மறந்திருக்கிறார்கள். திட்டப்படி ஓடியதில் கணைக்கால் எலும்பில் நோ எடுத்து, டொக்டர் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்.

சப்பாத்து வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து மடித்துப் பார்த்தேன். அடியில் கார்பன் தகடு உள்ள சப்பாத்து லேசில் வளையாது, விறைத்து நிற்கும். இது காய்ந்த வடுமாங்காய்த் தோல் மாதிரி மடிந்தது. அடிப்பகுதி இரண்டாம் ஓட்டத்திலேயே வாய் பிளந்தது.

ஏகாம்பரம் மைதானத்தில் விடியப் பிள்ளைகளை ஓட விடுகிற ஒரு பீ.ரீ. சேர் இருக்கிறார். ஒரு சதம் வாங்காதவர், வீடியோவும் போடாதவர். அவரிடம் போனைக் கொடுத்தேன். கோணேசர் கோயில் ஏற்ற வீடியோவை ஒரு தடவைதான் பார்த்தார். "30 கிலோமீட்டர் ஓடினவன்ட ரீசேட் இப்பிடிக் காய்ஞ்சு இருக்குமா?" என்று கேட்டார். உண்மைதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்து கிலோமீட்டருக்கே முதுகு நனைந்து, கறுப்பு ரீசேட்டில் வெள்ளையாக உப்புப் பூக்கும். இவருடைய கொலர் கூட நனையவில்லை. பிறகு கைக்கடிகாரப் படம். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 5 செக்கன் வேகத்தில் 30 கிலோமீட்டர், சராசரி இதயத் துடிப்பு 96. சேர் சிரித்தார். "நான் கதிரையில இருந்து பேப்பர் பாக்கேக்க 80 அடிக்குது" என்றார்.

அடுத்தது பதக்கம். 42.195 கிலோமீட்டர் முழு மரதன் ஓடினதாகச் சொல்லும் படங்கள் எல்லாவற்றிலும் பெருவிரல் பதக்கத்தின் கீழ் மூலையில் இருக்கிறது. ஒரே ஒரு படத்தில் விரல் விலகியிருக்கிறது. பெரிதாக்கினால் "10" என்று தெரிகிறது. ஏற்பாட்டாளர்கள் வெளியிட்ட முடிவுப் பட்டியலில் முழு மரதனில் அந்தப் பெயரே இல்லை.

இது புது வித்தையும் இல்லையாம். 2017இல் அமெரிக்காவில் ஃபோர்ட் லோடர்டேல் அரை மரதனில் இரண்டாவதாக வந்த பெண், இடையில் பாதையைக் குறுக்கே வெட்டி ஓடியிருந்தார். அதை மறைக்க அதே பாதையில் சைக்கிளில் போய் ஜி.பி.எஸ். பதிவு செய்து ஏற்றினார். முடிவுக் கோட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோது கடிகாரத்தில் 11.65 மைல்தான் இருந்தது, அரை மரதன் 13.1 மைல். அவராவது ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நம்முடைய சுசந்திகா ஜயசிங்க சிட்னி ஒலிம்பிக்கில் 2000இல் ஓடிய 200 மீற்றருக்கான வெள்ளி, அதில் முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்ட பிறகு 2009இல்தான் கைக்கு வந்தது. உண்மையாய் ஓடுகிறவர் காத்திருக்க, ஏமாற்றுகிறவர் முன்னால் போவது விளையாட்டில் எப்போதும் உள்ளதுதான் போல.

கோயில் ஏற்றத்தில் கடை வைத்திருக்கிற அண்ணரிடம் படத்தைக் காட்டினேன். பார்த்தவுடன் சொன்னார்: "இந்தப் பொடியனா? வேன்ல வந்து இறங்கி, இதில இருந்து அந்த வளைவு மட்டும் ஓடுறதும் திரும்பி வாறதும். தண்ணிப் போத்தலை எடுத்து முகத்தில ஊத்திப் போட்டு திரும்ப ஓடினவன்." வியர்வைக்குப் போத்தல் தண்ணி! அதையும் முகத்தோடு நிறுத்திவிட்டார், ரீசேட்டுக்கு ஊற்ற மறந்துவிட்டார்.

காசைத் திருப்பிக் கேட்டதில் இருந்துதான் உண்மையான ஓட்டம். "ரேஸ் வீக் அண்ணா, முடிஞ்சதும் கதைக்கிறன்." பிறகு "அட்மினிட்ட கேளுங்க." அட்மின் என்பவர் "கோச்சிட்ட கேளுங்க." பிறகு நீல டிக் மட்டும். பிறகு "டிஜிட்டல் பொருளுக்கு ரிஃபண்ட் இல்லை, பொலிசியில இருக்கு." எந்தப் பொலிசி, எங்கே இருக்கு என்று கேட்டால் "உங்களிட்ட மன உறுதி இல்ல அண்ணா, அதுதான் பிரச்சினை." கணைக்கால் வீங்கி இருக்கிறவனுக்கு மன உறுதி வகுப்பு! வீடியோவின் கீழே கொமெண்ட் போட்டேன், நிமிடத்தில் அழிந்தது. தளத்துக்கு முறைப்பாடு செய்தால் "எமது விதிகளுக்கு முரணாக எதுவும் இல்லை" என்று யந்திரம் பதில் சொல்கிறது. வங்கியில் போய் நின்றேன், நீங்களாக அனுப்பிய காசை அவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றார்கள். 42,500 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை.

இதையெல்லாம் ஒரு குழுவில் எழுதியபோது மட்டக்களப்பில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருக்கும் அதே கதை. அவருக்கு வந்த குரல் பதிவை எனக்கு அனுப்பினார். அதே மூச்சு வாங்கல். அதே "அப்பாவுக்கும் இருந்தது". அதே இடத்தில் அதே பாண் ஓட்டோ மெட்டு. அவருக்கு சீனி வருத்தம் கிடையாது, தைரொய்ட். கூடப் பிறந்த அண்ணன்மார் எத்தனை பேரோ!

ஒருவரை எப்படி எடை போடுவது என்று விபரமாக எழுதத்தான் இருந்தேன். இப்போது முடியவில்லை, கை பதறுகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான்: ஓடினேன் என்று சொல்கிற போட்டியின் முடிவுப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள், ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் ஒரு நேரம் பதிவாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். கூட ஓடினவர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். கெட்ட ஓட்டம், காயம், பாதியில் விட்டது எதையுமே போடாதவரை நம்பாதீர்கள். உங்கள் வருத்தம் என்ன, இப்போது எவ்வளவு ஓடுகிறீர்கள் என்று கேட்காமல் திட்டம் தருகிறவர் பயிற்சியாளர் இல்லை. வேறு பெயர் எக்கவுண்டுக்குக் காசு போடவே வேண்டாம்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்துச் சொல்லப் போகிறேன். திங்கட்கிழமை பொலிஸில் முறைப்பாடு. மட்டக்களப்புக்காரரும் வருகிறார். இதே ஆளுக்குக் காசு போட்ட யாராவது இருந்தால் வங்கி ஸ்லிப்பையும் குரல் பதிவையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இன்பொக்ஸ் வாருங்கள். இன்று காலையும் புது வீடியோ போட்டிருக்கிறார் என்று தம்பி தன் போனில் காட்டினான். அடுத்த பயிற்சிக் குழுவுக்கு ஆள் சேர்க்கிறாராம், விலையும் கூட்டியிருக்கிறார்.