துலக்கிய வெள்ளியும் துலக்காத செம்பும்: ஏழு ஆண்டு ஏல அனுபவம்

கிரேடிங் ஆகாத, அதாவது நிபுணர்கள் நிலையைப் பார்த்துத் தரம் குறிக்காத, பழைய நாணயங்களை இணைய ஏலத்தில் எடுக்கலாமா என்று தருமபுரி நண்பர் ஒருவர் கேட்டார். அன்று காலைதான் கிருஷ்ணகிரிக்குக் கூரியரில் வந்த விக்டோரியா ரூபாய் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழு ஆண்டுகளாக ஏலம் கேட்கிறேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

1862 என்று பொறித்த ரூபாய் அது. அந்த ஆண்டை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்கிறோம். புள்ளிகள் தெளிவாக இருந்தன. எடை 11.58 கிராம், பழைய எடை அளவான ஒரு தோலாவுக்கு, அதாவது 11.66 கிராமுக்கு, மிகப் பக்கத்தில். காந்தத்தில் ஒட்டவில்லை. அசல்தான். ஆனால் ஜன்னலோரம் எடுத்துப்போய் வெயிலில் சாய்த்தபோது வயிறு எரிந்தது. அரசியின் கன்னத்திலிருந்து கழுத்து வரை ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். நம் வீடுகளில் வெள்ளிக் கிண்ணத்தைத் திருநீறு போட்டுத் தேய்ப்போமே, அப்படி யாரோ தேய்த்திருக்கிறார்கள். மகுடத்துக்கு நேர் மேலே விளிம்பில் பற்றவைத்த தடம் வேறு. காசுமாலையில் இருந்து கழற்றிய காசு. 4,800-க்குக் கேட்டேன், கமிஷன், ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்ந்து 6,000-ஐ நெருங்கியது.

கோபம் தேய்த்தவர் மேல் இல்லை. வீட்டுப் பொருள் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஆசையாகத் தேய்த்திருப்பார். என் கோபமெல்லாம் அந்தப் புகைப்படத்தின் மேல்தான். வெளிச்சத்தை நேர் மேலிருந்து பாய்ச்சினால் கீறல் தெரியாது, பளபளப்பு மட்டும் தெரியும். சாய்வெளிச்சத்தில் கூடுதலாக ஒரு படம், விளிம்பைக் காட்டி ஒரு படம் போட்டால் போதும். ஏழு ஆண்டுகளாக இதைத்தான் கேட்கிறேன். போலி என்றால் திருப்பி எடுத்துக்கொள்வோம், நிலையைப் பற்றிய புகாரை ஏற்பதில்லை என்கிறார்கள் ஏலம் நடத்துபவர்கள். விதிகளில் அப்படித்தான் இருக்கிறது, படித்துவிட்டுத்தான் நானும் பதிவு செய்தேன். அசல் என்று சொன்ன எதுவும் இதுவரை போலியாக வந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என்ஜிசி போன்ற கிரேடிங் நிறுவனங்களுக்கு அனுப்பினால் துலக்கிய நாணயத்துக்குத் தர எண் தராமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதிப் பெட்டியில் அடைத்துவிடுவார்கள். சாதாரண ரூபாய்க்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இதே ஏலத்தில்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘பழைய செம்புக் காசுகள் 5’ என்ற லாட்டை 1,100 ரூபாய்க்கு எடுத்தேன். நான்கு வெறும் தேய்மானம். ஐந்தாவதைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நாள் ஊறவைத்தேன். மண் கரையக் கரைய முதலில் தும்பிக்கை தெரிந்தது, பிறகு யானை முழுதாக நின்றது. திப்பு சுல்தானின் பைசா! யானைக்கு மேலே வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய ஆண்டு எண்கள், பாதி தேய்ந்து. பைசாவுக்கு அவர் வைத்த பெயர் ஜொஹ்ரா, அதாவது வானத்து வெள்ளிக் கோள், சுக்கிரன். 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைமாறும் வரை கிருஷ்ணகிரி அடங்கிய எங்கள் பாரமகால் சீமை அவர் கையில்தான் இருந்தது. எங்கள் கோட்டை மலையடிச் சந்தையில் இந்தக் காசே புழங்கியிருக்கலாம் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. செம்பு என்பதால் யாரும் அதைத் துலக்கவில்லை. அந்தக் கருஞ்சிவப்புப் படலம் அப்படியே இருக்கிறது. ஏழு ஆண்டுகளில் நான் எடுத்தவற்றில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில்: வேண்டாம். வெள்ளி ரூபாய் வேண்டும் என்றால் நாணயக் கண்காட்சிக்குப் போய், கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து எடுங்கள். படத்தை நம்பி ஒரு ரூபாய்கூடக் கேட்காதீர்கள்.

விக்டோரியாவை அட்டை உறையில் வைத்துவிட்டேன். மேலே பென்சிலால் ‘துலக்கியது, விளிம்பில் பற்று’ என்று எழுதியிருக்கிறேன். என்னிடமிருந்து யார் வாங்கினாலும் அந்த உறையோடுதான் கொடுப்பேன்.