கையால் செய்த ட்ரைவாஷர்: குப்பத்து நகைப் பட்டறையில் சில கோடைகள்

தண்ணீர் கிடைக்காத அரிசோனா, நெவாடா பாலைநிலங்களில் மண்ணிலிருந்து தங்கத்தைக் காற்றால் பிரிக்கும் ட்ரைவாஷரை, ஆந்திராவின் குப்பம் ஊரில் எங்கள் நகைப் பட்டறைக் குப்பையில் கிடக்கும் பொன்துகளைப் பிரிப்பதற்காக நானே செய்து சில கோடைகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சிகரகுண்டா தங்கச் சுரங்கப் பகுதியும் கோலார் தங்கவயலும் பக்கத்தில் இருப்பதால், இதை ஓடைக்கரைக்கு எடுத்துச் செல்லலாமே என்று பலர் கேட்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடக் கூடாது. 2001-இல் மூடப்பட்ட தங்கவயலின் சயனைடு மண்மேடுகளைத் தொடுவதோ உடலுக்கும் கேடு. ஆகவே இங்கே எழுதுவது முழுவதும் பட்டறைக் குப்பையைக் கொண்டு நான் அறிந்ததுதான்.

முறத்தில் புடைப்பதன் தத்துவமே இதற்கும் அடிப்படை. துருத்தி விட்டு விட்டு ஊதும் காற்று, சரிந்த தட்டில் இழுத்துக் கட்டிய துணியின் வழியே மேலெழுந்து மண்ணைக் கணநேரம் மிதக்க வைக்கிறது. லேசானது குறுக்குச் சட்டங்களைத் தாண்டி வழிந்துவிட, கனமானது துணியோடு படிந்து சட்டத்தின் மேல்சரிவுப் பக்கத்தில் தங்கிவிடுகிறது. மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம், 22 காரட் தங்கமோ 17 மடங்குக்கும் மேல் என்பதால் பிரிப்பு நன்றாகவே நடக்கிறது.

12 மி.மீ. பிளைவுட் பெட்டி, 24 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள தட்டு, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாக அரை அங்குல அலுமினியச் சட்டம், ரெக்சின் துருத்தி, பழைய காரின் வைப்பர் மோட்டார் ஆகியவைதான் பாகங்கள். வைப்பர் மோட்டார் நிமிடத்துக்கு 45 சுற்று அளவிலேயே சுழல்வதால், அதன் அச்சில் மூன்று முனையுள்ள கேம் (சுழலும்போது துருத்தியைத் தள்ளும் சக்கரம்) ஒன்றைப் பொருத்தி, ஒரு சுற்றுக்கு மூன்று ஊதலாக நிமிடத்துக்கு 135 ஊதல் கிடைக்கும்படி செய்தேன். 12 வோல்ட் யுபிஎஸ் பேட்டரி போதும். மடித்தால் ஸ்கூட்டரின் பின்னால் கட்டிவிடலாம்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். நைலானில் நிலைமின்சாரத்தால் மென்தூசு ஒட்டி நூலிடைத் துளைகளை அடைக்கிறது. அழுத்தமாக நெய்த காடாத் துணி காற்றைச் சீராக விடுகிறது. ஆனால் துணியைவிட முக்கியமானது குப்பை நன்றாகக் காய்ந்திருப்பது. பட்டறைக் குப்பையை எரித்த சாம்பலைத்தான் கருவியில் ஓட்டுகிறேன்; அது ஈரத்தை உடனே இழுப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கருவியை நான் தொடுவதே இல்லை. சித்திரை, வைகாசி வெயிலிலும்கூட இரும்புச் சட்டியில் வறுத்த பிறகே கொட்டுகிறேன், ஏனென்றால் ஈரமண் கட்டி பிடித்துத் தங்கத்தையும் தன்னோடு உருட்டிக்கொண்டு போய்விடும்.

அடுத்தது சலிப்பு. பெரிய மணல் பருக்கையும் சிறிய தங்கத் துகளும் காற்றில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. அதனால் இரண்டு சல்லடைகளில் சலித்து, பருக்கை அளவு வாரியாகத் தனித்தனியே ஓட்டுவதுதான் சரியான முறை. மாவு போன்ற அராவல் தூளையும், தகடாக மெலிந்த சீவலையும் இந்தக் கருவி நம்பகமாகப் பிடிப்பதில்லை. அவற்றை நேரடியாகத் தண்ணீர்த் தட்டில் கழுவுவதே நல்லது. புதிதாகச் செய்பவர்கள் எடை தெரிந்த பித்தளை அராவலை வெறும் மணலில் கலந்து முதலில் ஓட்டிப் பாருங்கள். தங்கத்தில் பாதி அடர்த்திகூட இல்லாத பித்தளை தட்டில் நின்றுவிட்டால், அதே அளவுத் தங்கமும் நிற்கும்.

இறுதியாகத் தட்டில் சேர்ந்ததிலிருந்து அரம், வாள் பிளேடுகளின் இரும்புத் தூளைக் காந்தத்தால் எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் அரித்துக்கொள்கிறேன். குப்பை முழுவதையும் கழுவ வேண்டிய நிலையிலிருந்து இந்த அளவுக்குத் தண்ணீர் குறைந்தது எங்கள் ஊரில் பெரிய ஆறுதல், தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் பாதரசத்துக்கும் இடமில்லை.

தூசு மட்டும் கடுமையாகப் பறக்கும். தங்கவயல் தொழிலாளர்களின் நுரையீரலைச் சிலிக்கா தூசு என்ன செய்தது என்பதை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நேரில் கண்டிருக்கின்றன. வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கம் வீசும்படி நின்று, என்95 முகக்கவசம் அணிந்தே ஓட்டுங்கள். தேய்ந்த காடாத் துணியைத் தூக்கி எறிய வேண்டாம். நூலிடையில் பொன்துகள் சிக்கியிருக்கும் என்பதால், அதை எரித்து அந்தச் சாம்பலை அடுத்த குப்பையோடு சேர்த்துவிடுங்கள்.